யார் கேட்டு எடுத்த படம்? அப்பலேச்சிய மலைப் பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, நாரிஸ், டென்னசி

அமெரிக்காவின் கிழக்கே அப்பலேச்சிய மலைப்பகுதியில் இருந்த லாய்ஸ்டன் என்ற ஊர் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. நாரிஸ் ஏரியின் அகலமான பகுதியை ‘லாய்ஸ்டன் கடல்’ என்கிறார்கள். ஊர் இருந்ததற்கு மிச்சமிருக்கும் சாட்சி இந்தப் பெயரும், 1933இல் லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களும்தான்.

ஹைன் என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய படங்கள் தெரிந்திருக்கும். நூற்பாலை இயந்திரங்களுக்கு நடுவே நிற்கும் சிறுமி, மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத்தில் முகமெல்லாம் கரியாக நிற்கும் பையன்கள் எல்லாம் அவர் எடுத்தவை. குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்துப் போராடியவர்கள் கேட்டு எடுத்த படங்கள். 1933இல் அவர் இந்தப் பக்கம் வந்தது, அணைகள் கட்டிய அரசு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்துக்காக. ஆணையம் கட்டிய முதல் அணை நாரிஸ். 1933 அக்டோபரில் வேலை தொடங்கி 1936இல் முடிந்தது. உயரம் 265 அடி. மூழ்கப்போகும் ஊர்களையும், அங்கே அடுப்படியிலும் திண்ணையிலும் கடை வாசலிலும் இருந்தவர்களையும் ஹைன் படமெடுத்தார்.

அணையால் வெள்ளம் அடங்கியது, மின்சாரம் வந்தது, பொருளாதார மந்த காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சுமார் 2,900 குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. 5,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி வேறிடத்தில் புதைத்தார்கள். ஹைனின் படங்களில் இருப்பவர்களுக்குத் தாங்கள் கிளம்ப வேண்டும் என்பது தெரியும். அது தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்த முகங்கள் வேறாகத் தெரிகின்றன.

அணையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் அப்பலேச்சிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஜான் ரைஸ் இர்வின் என்பவர் 1969இல் தொடங்கியது. அவர் குடும்பமே இரண்டு முறை வீடிழந்த குடும்பம். முதலில் நாரிஸ் அணைக்காக எழுந்தார்கள். பிறகு 1942இல் அணுகுண்டு வேலைக்காக ஓக் ரிட்ஜில் ரகசிய நகரம் கட்டியபோது மறுபடியும் எழுந்தார்கள். அப்படிப்பட்டவர் மலைக்குடிகளின் மரக்கட்டை வீடுகளையும் கலப்பைகளையும் படங்களையும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்ததில் ஆச்சரியமில்லை. வளாகத்தில் மயில்கள் சுதந்திரமாக உலாவுகின்றன.

உள்ளே என்னை அதிக நேரம் நிறுத்தியது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து (1861–65; வட மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் நடந்த போர்) இரும்புத் தகட்டுப் படம் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. சீருடை போட்ட ஒரு பையன், துப்பாக்கியோடு. கன்னத்தில் மட்டும் லேசாகச் சிவப்புச் சாயம் தடவியிருக்கிறார்கள். கோட்டின் பொத்தான்கள் தப்பான பக்கம் இருந்தன. “இவன் இடது கைக்காரனா?” என்று அண்ணன் கேட்டான். இல்லை. இந்த முறையில் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் வைத்த தகடேதான் படம். அதனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித் தெரியும். இடுப்புப் பட்டையில் எழுத்து இருந்தால் அதுவும் திரும்பித்தான் இருக்கும். பிரதி எடுக்கவும் வழியில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்று. போருக்குப் போகும் முன் அந்தப் பையன் காசு கொடுத்து, தானே கேட்டு எடுத்துக்கொண்ட படம். அம்மாவுக்கோ, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கோ.

ஹைனின் படங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேட்கப் போகிறேன்: இதை எடுக்கச் சொன்னது யார்?

ஞாயிறு, பால் மால்

நாரிஸிலிருந்து மேற்கே சுமார் இரண்டு மணி நேரம். வழியிலேயே நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. உல்ஃப் ஆற்றங்கரையில் ஒரு சிறிய சமவெளி. ஒரு தேவாலயம், ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு மாவு ஆலை, சாலையோரம் ஒரு வெள்ளை வீடு. முதல் உலகப் போரில் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற படைவீரர் ஆல்வின் யார்க் இந்த ஊர்க்காரர்.

1887இல் பிறந்தவர். மூன்றாம் வகுப்பு அளவுக்குத்தான் படிப்பு. இளமையில் குடியும் சண்டையுமாக இருந்து, பிறகு சபையில் சேர்ந்து முழுமையாக மாறினார். கொல்லக்கூடாது என்று வேதம் சொல்வதால் போருக்கு அனுப்ப வேண்டாம் என்று விண்ணப்பித்தார். அவருடைய சபையை அரசு ஏற்காததால் விண்ணப்பம் தள்ளுபடியானது. பயிற்சி முகாமில் அதிகாரிகளோடு வேதத்தை வைத்தே வாதாடி, விடுப்பில் ஊருக்கு வந்து மலைமேல் போய் ஜெபித்து, ஒரு முடிவுக்கு வந்து திரும்பிப் போனார். 1918 அக்டோபர் 8ஆம் தேதி பிரான்சின் ஆர்கோன் காட்டில், கூட வந்தவர்களில் பாதிக்கு மேல் விழுந்துவிட்ட நிலையில், எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை அடக்கினார். மிஞ்சிய ஏழு பேரோடு 132 ஜெர்மன் வீரர்களைக் கைதிகளாக அழைத்து வந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது அவருக்குக் கிடைத்தது.

அந்த நாளைக் காட்டும் படம் என்று எல்லோரும் பார்ப்பது, இலையுதிர்ந்த மரங்கள் நிறைந்த ஒரு சரிவில் யார்க் தனியாக நிற்கும் படம். அதை ராணுவப் படப்பிடிப்பாளர் எடுத்தது 1919 பிப்ரவரியில். போர் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சம்பவம் நடந்த இடத்துக்கு அவரைத் திரும்ப அழைத்துப்போய் நிறுத்தி எடுத்தார்கள். எடுக்கச் சொன்னது ராணுவம். செத்தவர்கள் யாரும் அதில் இல்லை. அவர் முகத்திலும் வெற்றிக் களை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பெரிய உடம்பு, சிவந்த மீசை, எங்கே பார்ப்பது என்று யோசிக்கிறவரைப் போன்ற ஒரு பார்வை.

ஊர் திரும்பிய 1919ஆம் ஆண்டில் எடுத்த இன்னொரு படத்தில் சீருடையில் மகன், பக்கத்தில் தாய். எனக்கு இதுதான் பிடித்தது. இதையும் பத்திரிகைகள் கேட்டுத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் தாய் பக்கத்தில் நின்றதும் மனிதர் வீட்டுப் பிள்ளையாகி விடுகிறார்.

புகழை விற்று லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று வந்த விளம்பர வாய்ப்புகளை மறுத்தார். தனக்குக் கிடைக்காத படிப்பு இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நன்கொடை திரட்டி, 1926இல் ஜேம்ஸ்டவுனில் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் வந்துபோக பஸ் வேண்டும் என்று தன் நிலத்தை அடமானம் வைத்தார். பின்னாளில் தன் வாழ்க்கையைப் படமாக்கச் சம்மதித்ததும் ஒரு வேதப் பள்ளி கட்டுவதற்காகத்தான். அந்த வருமானத்துக்கு வரி பாக்கி என்று வருமானவரித் துறை ஆண்டுக்கணக்கில் துரத்தியது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தவரிடம் கடைசியில் 1961இல் 25,000 டாலருக்குச் சமரசமானார்கள். அந்தப் பணமும் பொதுமக்கள் நன்கொடைதான்.

வீட்டைச் சுற்றிக்காட்டிய தன்னார்வலர் எழுபது வயதைத் தாண்டியவர். வியட்நாம் போருக்குப் போய்வந்தவர் என்று தொப்பியில் எழுதியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் யார்க் இந்த மாவட்டத்தின் ஆள்சேர்ப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்ததை அவர்தான் சொன்னார். “போருக்கு அனுப்பாதீர்கள் என்று மனுப் போட்டவரா?” என்று அண்ணன் கேட்க, அவர் தலையாட்டினார். பிறகு, “ஐயா, எங்கள் ஊரில் கையெழுத்துப் போடுபவருக்கு அந்தப் பையனின் அம்மாவையும் தெரியும்” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

யார்க் படுத்திருந்த அறையைக் கட்டிலோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். 1964 செப்டம்பர் 2ஆம் தேதி அவர் காலமானார். கல்லறை நடந்துபோகும் தூரம்தான்.

திங்கள், கேட்ஸ் கோவ்

ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் 11 மைல் ஒருவழிச் சுற்றுப்பாதை. அக்டோபரில் வந்தால் கார்கள் நத்தை வேகத்தில்தான் நகரும். இலைகள் மஞ்சளும் சிவப்புமாக இருக்க, ஜனங்கள் கரடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வந்தது வீடுகளுக்காக.

சுற்றிலும் மலை, நடுவில் தட்டையான புல்வெளி, ஆங்காங்கே சாம்பல் நிறமாகிப்போன மரக்கட்டை வீடு. ஜான் ஆலிவர் வீடு முதலில் வருகிறது. பிரிட்டனோடு நடந்த 1812 போரில் சண்டையிட்ட வீரர்; 1818இல் மனைவி லுக்ரீஷியாவோடு இங்கே குடியேறினார். 1850இல் இந்தப் பள்ளத்தாக்கில் 685 பேர் இருந்தார்கள். பள்ளி, தபால் நிலையம், மாவு ஆலை, மூன்று தேவாலயங்கள் எல்லாம் இருந்த ஊர்.

பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பின்னால் ரஸ்ஸல் கிரெகரியின் கல்லறை. கல்லில் எழுதியிருப்பது: வட கரோலினா கிளர்ச்சிக்காரர்களால் கொலை செய்யப்பட்டவர். 1861இல் டென்னசி மாநிலம் நாட்டைவிட்டுப் பிரியத் தீர்மானித்தபோது, இந்தக் கிழக்கு மலைப்பகுதி மட்டும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எதிர்த்து வாக்களித்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து தென்தரப்புக் கொள்ளைக்கூட்டங்கள் வந்து ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போயின. 1864இல் கிரெகரி கிழவர் ஊர்க்காரர்களைச் சேர்த்து வழிமறித்து அவர்களை விரட்டினார். பிறகு ஒருநாள் அவர்கள் திரும்பி வந்து அவரைக் கொன்றார்கள். போர் முடிந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அந்த எழுத்தில் கோபம் ஆறவில்லை. தெற்கு என்றாலே எல்லோரும் அடிமை முறைக்காகப் போரிட்டவர்கள் என்று நினைப்பவர்கள் இந்தக் கல்லைப் பார்க்க வேண்டும்.

இனி நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். பூங்கா வருவதற்கு முன் எடுத்த கேட்ஸ் கோவ் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் குழப்பம் வரும். படங்களில் வெள்ளையடித்த பலகை வீடுகள் இருக்கின்றன. கண்ணாடி ஜன்னல், அகலமான முன்தாழ்வாரம், பெரிய களஞ்சியம், நல்ல உடுப்புப் போட்ட குடும்பங்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவை இல்லை. பூங்காவுக்காக நிலத்தைக் கையகப்படுத்திய பிறகு நவீன வீடுகளை இடித்துவிட்டுப் பழைய மரக்கட்டை வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முன்னோடிகள் வாழ்ந்த இடம் என்று காட்டுவதற்கு அதுதான் பொருத்தம் என்று அன்றைய அதிகாரிகள் நினைத்தார்கள். விளைவு என்னவென்றால், இன்று கார் ஜன்னல் வழியாகப் பார்ப்பவருக்கு 1930 வரை இங்கிருந்தவர்கள் 1830லேயே நின்றுவிட்டவர்களாகத் தெரிகிறார்கள். இது அவர்களுக்குச் செய்த அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. வீட்டைப் பிடுங்கியது ஒன்று. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்து அழித்தது இன்னொன்று. அந்த இரண்டாவதை மறுத்துப் பேசக் குடும்பப் படங்கள் மட்டும்தான் இருக்கின்றன. காசு கொடுத்துப் படப்பிடிப்பாளரை வரவழைத்து, தாங்களே இடம் பார்த்து, தங்கள் புதிய வீட்டின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை.

முதல் ஆலிவரின் கொள்ளுப்பேரன் ஜான் டபிள்யூ. ஆலிவர் இங்கே தபால்காரர், விவசாயி. வீடுகளை எடுக்க மாட்டோம் என்று தொடக்கத்தில் சொன்னவர்கள் பிறகு வழக்குப் போட்டபோது, அவர் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்கில் போராடினார். தோற்று, 1937இல் வெளியேறினார். ஆலிவர் வீடு என்று இன்று கூட்டம் முதலில் இறங்கிப் படமெடுப்பது அவர் முப்பாட்டன் வீட்டை. அவர் வாழ்ந்த வீடு இல்லை.

செவ்வாய், லிட்டில் கிரீன்பிரையர்

மெட்கால்ஃப் பாட்டம்ஸில் காரை விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து நடந்தோம். முதலில் 1882இல் கட்டிய பள்ளிக்கூடம். அதற்குப் பின்னால் ஒரு மைலுக்குச் சற்று அதிகமாக மண்பாதை. முடியும் இடத்தில் வாக்கர் சகோதரிகளின் வீடு.

அப்பா ஜான் வாக்கர் உள்நாட்டுப் போரில் வடதரப்பில் சண்டையிட்டு, தென்தரப்பிடம் கைதியாக இருந்து மீண்டவர். பதினோரு பிள்ளைகள். பெண்களில் ஒருவர் மட்டும் கல்யாணம் செய்துகொண்டு போனார். 1921இல் அப்பா போன பிறகு மற்றவர்கள் நிலத்தைத் தாங்களே உழுது, ஆடு வளர்த்து, நூல் நூற்று, நெய்து உடுத்தினார்கள். பூங்கா வந்து எல்லோரும் கிளம்பியும் ஐந்து சகோதரிகள் கிளம்பவில்லை. கடைசியில் 1941 ஜனவரியில் 4,750 டாலருக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும்வரை அங்கேயே இருப்போம் என்ற நிபந்தனையோடு. அந்தக் காலத்தில் ஒரு அரசாங்கத்திடம் அப்படி ஒரு கையெழுத்து வாங்க எவ்வளவு உறுதி வேண்டும்!

1936இல் கட்டட ஆவணப் பதிவுக்காக எடுவர்ட் எக்ஸ்லைன் என்ற படப்பிடிப்பாளர் இங்கே வந்தார். அவர் படங்களில் ஒன்றில் மூன்று சகோதரிகள் பருத்திக் கொட்டை பிரிக்கும் கைப்பொறியோடு இருக்கிறார்கள். இருபுறமும் இருவர் கைப்பிடியைச் சுற்ற, ஒருவர் பஞ்சை உருளைகளுக்கு நடுவே ஊட்டுகிறார். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. கவனமெல்லாம் விரல் நசுங்காமல் பஞ்சைத் தள்ளுவதில் இருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் ராட்டை இருந்ததால் எனக்கு அந்தக் கைகள் அந்நியமாகத் தெரியவில்லை. வேலை செய்பவரை வேலையோடு எடுத்த படம். அரசாங்கம் கேட்ட படம்தான் என்றாலும் இதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

1946இல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழ் அவர்களைப் பற்றி எழுதியதும் கூட்டம் வரத் தொடங்கியது. வந்தவர்களுக்குப் பொரித்த ஆப்பிள் பணியாரமும், பின்னிய துணிகளும், லூயிஸா கையால் எழுதிய கவிதைகளும் விற்றார்கள். 1953இல் இருவர் மட்டும் மிஞ்சியிருந்தபோது, வயதாகிவிட்டது, சாலையிலிருக்கும் ‘பார்வையாளர்கள் வரலாம்’ பலகையை எடுத்துவிடுங்கள் என்று பூங்கா கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதினார்கள். எத்தனையோ பேர் எடுத்த எத்தனையோ படங்களுக்கு நின்று கொடுத்தவர்கள், போதும் என்று சொன்ன இடம் அது. லூயிஸா 1964 வரை இங்கேயே இருந்தார்.

வீட்டுக்குள் மரச்சாமான் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் குளிர் புகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். கட்டைகளுக்கு இடையே பூசிய மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். வைக்கோலும் சரளையும் விரலில் தட்டுப்பட்டன. “மழைக்கு முன்னாடி இறங்கிடலாம் பாப்பா” என்று அண்ணன் கூப்பிட்டான்.

மாலையில் நியூஃபவுண்ட் கேப் வழியாக மலையைக் கடந்தோம். 1940 செப்டம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பூங்காவை அர்ப்பணித்த மேடை அங்கே இருக்கிறது. மேகம் மூடிவிட்டதால் எதுவும் தெரியவில்லை.

புதன், செரோக்கி, வட கரோலினா

1838இல் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை ராணுவம் மேற்கே விரட்டியபோது தப்பி நின்றவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். மலைக்குடி என்றதும் தாடி வைத்த வெள்ளைக்காரக் கிழவர் படமே மனதில் வருகிறது. அவருக்கு முன்பே இங்கே இருந்தவர்கள் இவர்கள்தான்.

1903இல் நியூ ஆர்லியன்ஸில் எடுத்த ஒரு குழுப்படம்: தென்தரப்பில் தாமஸ் படைப்பிரிவில் போரிட்ட செரோக்கி முதியவர்கள், பதாகையோடு வரிசையாக நிற்கிறார்கள். தங்களை விரட்டிய நாட்டின் இரண்டு பாதிகள் அடித்துக்கொண்டபோது இவர்கள் ஏன் அந்தப் பக்கம் சேர்ந்தார்கள் என்றால், இவர்களுக்காக நிலத்தை வாங்கித் தன் பெயரில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்த வெள்ளைக்கார வணிகர் வில்லியம் தாமஸ் கூப்பிட்டார். அதுதான் பெரிய காரணம். அந்தப் படத்துக்கு எந்தக் கொடியையும் விட அந்த நன்றிக்கடன்தான் விளக்கம்.

ஊரில் சார்லஸ் ஜார்ஜுக்குச் சிலை இருக்கிறது. இருபது வயது. 1952 நவம்பரில் கொரியாவில் கூட இருந்தவர்களைக் காப்பாற்ற எறிகுண்டின் மேல் விழுந்தார். ஆஷ்வில்லில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர்கள் இரண்டாம் உலகப் போர் முடித்து வந்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்டபோது, உள்ளூர் அலுவலர்கள் மறுத்தார்கள். சீருடையில் கம்பீரமாக நிற்கும் அந்தத் தலைமுறையின் படங்களை இதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

வியாழன், ஆஷ்வில்

ஜார்ஜ் மாசா ஜப்பானிலிருந்து வந்தவர். 1915இல் ஆஷ்வில்லுக்கு வந்து பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தார். பிறகு ஸ்டுடியோ வைத்தார். கனமான கேமராவை முதுகில் சுமந்து மலை முழுக்க ஏறினார். சைக்கிள் சக்கரத்தில் தூரம் காட்டும் கருவியைப் பொருத்தி, அதை உருட்டிக்கொண்டே நடந்து பாதைகளை அளந்து பெயர் குறித்தார். எழுத்தாளர் ஹோரஸ் கெஃபார்ட்டோடு சேர்ந்து தேசியப் பூங்கா வேண்டும் என்று பாடுபட்டார். அந்த இயக்கம் ஊர் ஊராகக் காட்டிய படங்களில் அவருடையவை முக்கியமானவை. யாரும் சம்பளம் கொடுத்து அவரை அனுப்பவில்லை.

அவர் எடுத்த சிகரங்களையும் பனிமூட்டத்தையும் அருவிகளையும் இன்று நிறையப் பார்த்தேன். வெளிச்சம் மேகத்தைக் கிழித்து வரும் அந்த ஒரு கணத்துக்காக எத்தனை மணி நேரம் காத்திருந்தாரோ! ஆனால் நான் பார்த்த வரையில் அந்தப் படங்களில் மனிதர் அநேகமாக இல்லை. மலை காலியாக இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து அந்தப் படங்களைப் பார்த்த வாஷிங்டன்காரருக்கு ஆலிவரோ வாக்கர் சகோதரிகளோ நினைவுக்கு வந்திருக்க வழியில்லை.

இதை அண்ணனிடம் சொன்னேன். “அப்போ பூங்காவே வேண்டாம்ங்கிறியா? மரக் கம்பெனிங்க மொட்டையடிச்சிருப்பாங்களே” என்றான். அவன் சொல்வதும் சரி. பூங்கா நிலத்தில் மிகப்பெரும் பகுதி மரக் கம்பெனிகளிடமிருந்து வாங்கியதுதான். இன்னும் பத்து இருபது ஆண்டுகள் விட்டிருந்தால் மாசா எடுத்த காடு படத்தில் மட்டும்தான் இருந்திருக்கும். பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1,200க்கும் மேற்பட்ட சிறு நிலக்காரர்களுக்கு வாக்கர் சகோதரிகளுக்குக் கொடுத்த அதே கையெழுத்தைப் போட்டிருந்தால் காட்டுக்கு என்ன கெட்டுப்போயிருக்கும் என்றுதான் கேட்கிறேன். கேட்ஸ் கோவில் சிலருக்கு அப்படிக் கொடுத்தார்கள். கடைசிக் குடியிருப்பாளர் 1999இல்தான் காலமானார். மலை அதனால் குறைந்துவிடவில்லை.

மாசா 1933இல், பூங்கா முறையாக அமைவதற்கு ஓராண்டு முன், கையில் காசில்லாமல் இறந்தார். பிரைசன் சிட்டியில் கெஃபார்ட்டின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குப் பணமில்லாததால் ஆஷ்வில்லிலேயே அடக்கம் செய்தார்கள். 1961இல் கெஃபார்ட் சிகரத்தை ஒட்டிய ஒரு முகட்டுக்கு மாசாவின் பெயரை வைத்தார்கள்.

அடுத்துப் போக வேண்டியது கென்டக்கியில் பெரியா கல்லூரி. டோரிஸ் உல்மன் எடுத்த மலைக் கைவினைஞர்களின் படங்கள் அங்கே இருக்கின்றன. நியூயார்க்கிலிருந்து வந்த பணக்காரப் பெண். பழைய உடுப்பைப் போட்டு நிற்கச் சொல்லி எடுத்தார் என்று அவர் மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. அந்தப் படங்களை நேரில் பார்க்காமல் நான் பக்கம் சேரப்போவதில்லை. அண்ணனுக்கு நாளை மறுநாள் வேலை இருப்பதால் பெரியா இந்த முறை முடியாது. வசந்தத்தில் போகலாம் என்று பேசியிருக்கிறோம்.